கூட யாரு வந்திருக்கா?

2025 ஜூன் 14, இரண்டாம் சனிக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை. எழுந்ததும் மோட்டார் போட்டேன். அணைக்க மறந்துவிடுவேன் என்பதால் தொட்டி நிறையும்வரை சுவிட்சுப் பக்கத்திலேயே நின்றேன். பால் காயும்போதும் அப்படித்தான், அடுப்பை விட்டு நகரவில்லை. குளித்து, இட்லி அவித்து, துணிகளைக் காயப்போட்டுவிட்டு, முந்தைய நாள் குறிப்பில் விட்டுப்போன இரண்டு வரிகளைச் சேர்த்தேன். பையில் தண்ணீர் பாட்டில், காது அடைப்பான், மதுரை மருத்துவரின் அறிக்கை, கையில் வைத்து மடிக்க ஒரு பருத்தித் துண்டு.

கணவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "ஏட்டி, இந்த ஆலோசகர் அம்மாட்டயும் சரிப்படலன்னா இதோட விட்ருவோம், என்ன?" என்றார்.

"சரி" என்றேன். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. விக்கிரமசிங்கபுரத்தில் வீடு, பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சென்ற ஆண்டு மதுரையில் ஒரு மருத்துவர் நீண்ட பரிசோதனைகளுக்குப் பிறகு எனக்கு ஆட்டிசமும், கவனம் சிதறும் ஏ.டி.எச்.டி.யும் இருப்பதாகச் சொன்னார். பிறந்ததிலிருந்தே இருக்கிறதாம். கேட்டபோது அழவில்லை. நாற்பத்தெட்டு வருடம் சோம்பேறி, திமிர் பிடித்தவள், கிறுக்கு என்று மாற்றி மாற்றிக் கேட்டவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. "உங்களை மாற்றப் பார்க்காமல், உங்கள் இயல்போடு வாழ வழி சொல்லும் ஆலோசகர் ஒருவரை உங்கள் ஊர்ப்பக்கமே பாருங்கள்" என்றார். ஊர்ப்பக்கமே பாருங்கள் என்று சொல்வது மதுரையில் இருப்பவருக்கு எளிது.

இப்போது அது அவசரமாகிவிட்டது. பள்ளியின் முன்பக்கக் கவுண்டரில் இருந்தவர் மே மாதம் ஓய்வுபெற்றார். திங்கள்கிழமை முதல் அந்த இடத்தில் நான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். சேர்க்கை நேரம். தொலைபேசி அடிக்கும், மணி அடிக்கும், கம்பிக்கு அந்தப் பக்கம் நான்கு பெற்றோர் ஒரே சமயத்தில் பேசுவார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எனக்குப் பேச்சு நின்றுவிடும். வாய் திறக்கும், சத்தம் வராது. சென்ற டிசம்பரில் ஒரு நாள் அங்கே மாற்றாக உட்கார்ந்தேன். மதியத்துக்கு மேல் ஆவணக் காப்பறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன். மூன்று நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. இனி ஒவ்வொரு நாளும் அது என்றால் இந்த வேலையில் நான் இருக்க முடியாது. இந்த வேலை எனக்குப் பிடிக்கும். வருகைப் பதிவேடுகள், கால அட்டவணை, மாற்றுச் சான்றிதழ்கள் எல்லாம் என் கையில் பிசகியதில்லை.

திருநெல்வேலியில் நாங்கள் ஏறி இறங்கிய படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் போனது ஒரு குழந்தைகள் வளர்ச்சி மையம். வேறு எங்கும் 'ஆட்டிசம்' என்று பலகையே இல்லை. வரவேற்பில் இருந்த பெண் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளைய எங்கக்கா?"

"பிள்ளைக்கு இல்ல. எனக்குத்தான்."

"ஒங்களுக்கா?" கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இருங்க, உள்ள கேக்கேன்."

உள்ளே கேட்டுவிட்டு வரும்வரை பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்களுக்குப் பார்ப்பதில்லை என்று பதில் வந்தது. பெரியவர்களானதும் இது எங்கே போய்விடுகிறது என்று கேட்டேன். அவள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

அடுத்து ஒரு மனநல மருத்துவர். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "கூட யாரு வந்திருக்கா?" நம் பக்கத்தில் யாரும் மருத்துவரிடம் தனியாகப் போவதில்லை. போனால், கேட்க ஆளில்லாதவள் என்று பொருள். கூட ஒருவர் வர வேண்டும். வந்தவரிடம்தான் மருத்துவர் பேசுவார். உடம்பு மட்டும் நம்முடையது. என் கணவர் நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். யார் எதைக் கேட்டாலும் முழு விவரத்தோடு பதில் சொல்வது அவர் சுபாவம்.

"வீட்ல ஒழுங்கா சமைக்காங்களா?"

"அதெல்லாம் அருமையா சமைப்பா சார்."

"கோவப்படுதாங்களா?"

"மிக்சி போட்டா மட்டும்."

"பொறவு என்ன? இவங்களுக்கு ஒண்ணுமில்ல."

இருவரும் சிரித்தார்கள். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் நன்றாகத் தூங்குகிறவள்.

மூன்றாவது, ஒரு பெண் ஆலோசகர். நான்கு முறை போனோம். நான் எழுதி எடுத்துப்போன குறிப்புகளைப் பார்த்து, "இவ்வளவு நீட்டா எழுதுற உங்களுக்கு ஏ.டி.எச்.டி.யா?" என்று வியந்தார். எழுதாவிட்டால் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன், அந்தப் பயத்தில் வந்த ஒழுங்கு இது என்றேன். தலையாட்டிவிட்டு, கண்ணைப் பார்த்துப் பேசப் பயிற்சி கொடுத்தார். துண்டை மடிப்பதை நிறுத்தச் சொன்னார். கவுண்டர் வேலை பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல வாய்ப்பு. பழகப் பழகச் சரியாயிரும்." அதோடு கணவரிடம், வீட்டில் தினமும் என்னை அரை மணி நேரம் கண் பார்த்துப் பேச வைக்கும்படி சொன்னார். அவர் கடமை தவறாதவர். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ம், பாரு" என்பார். ஒரு வாரத்தில் எங்களுக்குள் பேச்சே இல்லாமல் போயிற்று.

அன்று பார்க்கப்போன ஆலோசகரை இணையத்தில் கண்டுபிடித்தேன். பாளையங்கோட்டையில் மாடியில் ஓர் அறை, சனிக்கிழமைகளில் மட்டும். காயல்பட்டினத்திலிருந்து வருகிறார். என் மகள் வயதுதான் இருக்கும். நான் செய்தி அனுப்பியபோது தொலைபேசியில் கூப்பிடாமல் செய்தியிலேயே பதில் போட்டார். தெருமுனை, படிக்கட்டு, அறை மூன்றுக்கும் படம் அனுப்பி, என்னென்ன கேட்பார் என்பதையும் முன்கூட்டியே எழுதியிருந்தார். நான் கேட்காமலே.

ஆனாலும் பேருந்தில் எரிச்சலோடுதான் போனேன். ஒலிபெருக்கிக்குத் தள்ளி இடம் கிடைக்கவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து பத்தமடை வரை காது அடைப்பானைத் தாண்டிப் பாட்டு இறங்கிக்கொண்டே வந்தது.

அறையில் ட்யூப்லைட் ரீங்கரித்தது. "அணைக்கட்டுமா? எனக்கும் ஆகாது" என்று எழுந்து அணைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எந்த விசயத்துக்கு ஒதவி வேணும்னு நெனக்கீங்க?" என்றார்.

கணவர் தொடங்கிவிட்டார். "அது என்னன்னா, இவளுக்குச் சத்தம் ஆகாதும்மா. ஆள் கூடுனா வாயடைச்சுப் போவும். சின்ன வயசுலயே இவ அண்ணன்…"

"அண்ணாச்சி, கேள்வி அவங்களுக்கு."

"அவளுக்குச் சொல்ல வராதும்மா. நாந்தான் எப்பவும்…"

"பைய வரட்டும். நமக்கென்ன அவசரம்?"

நான் துண்டை எடுத்து மடித்தேன், பிரித்தேன், மடித்தேன். ஆலோசகர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கணவர்தான் தவித்துப்போனார். இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணாச்சி இங்கன இருக்கட்டுமா, வெளிய இருக்கட்டுமா? நீங்க சொல்லுததுதான்."

இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "வெளியே" என்றேன். சத்தம் வந்தது. கணவர் எழுந்து, செருப்பைத் தேடி, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

கவுண்டரைப் பற்றிச் சொன்னேன். டிசம்பரையும் சொன்னேன்.

"அங்க உக்கார ஒங்களுக்கு ஆசையா?"

"இல்ல."

"அப்போ உக்காரப் பழகுதத விடுங்க. முடியாதுன்னு சொல்லத்தான் நமக்கு வழி வேணும். தலைமையாசிரியைட்ட சொன்னீங்களா?"

"நேர்ல போனேன். தலையாட்டிட்டு வந்துட்டேன்."

"எழுத்துல?"

எங்கள் பள்ளியில் எழுத்தில் கொடுத்தால் புகார் என்று எடுத்துக்கொள்வார்கள் என்றேன். எதுவானாலும் நேரில் வந்து சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை.

"அவங்களுக்கு மரியாதைதான். ஒங்களுக்கு அது வாயடைக்குத எடம்லா? ஒங்களுக்கு வர்ற வழில சொல்லுங்க. எது முடியும், எது முடியாது, ரெண்டையும் சொல்லுங்க. மன்னிப்பு மட்டும் கேக்காதீங்க."

குறை இல்லாமல் இல்லை. நடுவில் ஆட்டிசத்தை 'மன இறுக்கம்' என்றார். எனக்குப் பிடிக்காத சொல், என் மனம் இறுகியிருக்கவில்லை என்றேன். "சரி, இனி சொல்லல" என்றார். அடுத்த முறை வர ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இடையில் காணொளியில் பேசலாம் என்றார். எங்கள் வீட்டில் சிக்னல் மாடியில் மட்டும்தான், அங்கே பக்கத்து வீட்டு நாய். திருநெல்வேலி முழுவதற்கும் இப்படி ஒருவர், அவரும் வாரத்தில் ஒரு நாள் என்றால் என்னைப் போன்ற மற்றவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். "எனக்கும் தெரியல அக்கா" என்றார்.

திரும்பும்போது, பேருந்து கல்லிடைக்குறிச்சியில் நின்றதும் கணவர் கேட்டார்.

"நான் வெளிய நின்னப்போ என்னப் பத்தி என்ன பேசினீங்க?"

"கவுண்டரைப் பத்திப் பேசினோம்."

"என்னப் பத்தி ஒண்ணுமே பேசலியா?"

"இல்ல."

அது அவருக்கு இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது. ஆற்றுப்பாலம் வந்ததும், "திங்கக்கெழம நான் வந்து பெரிய டீச்சர்ட்ட பேசுதேன். நயமாச் சொன்னாக் கேப்பாவ" என்றார்.

"வேண்டாம்."

"நீ போயி நின்னா வாயத் திறக்க மாட்டியேட்டி."

உண்மைதான். அதுதான் எரிச்சல். எனக்காகப் பேசிப் பேசி, என்னைவிட என் விவரம் தெரிந்தவராக ஆகியிருக்கிறார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. சண்டை போடவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து இருவரும் தோசை சாப்பிட்டோம். அவர் எதிரே நாற்காலி போட வந்தார். "இனி அது கிடையாது" என்றேன். சரியென்று தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். சத்தத்தைக் குறைத்தும் வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. கண் விழித்ததும், பல்கூடத் துலக்காமல், மாடிக்குப் போய் தலைமையாசிரியைக்குச் செய்தி எழுதினேன். 'முன்கவுண்டர் வேலை என்னால் முடியாது. பல குரல்கள் சேர்ந்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. இதற்கு மருத்துவ அறிக்கை உண்டு. பதிவேடு, அட்டவணை, சான்றிதழ் வேலைகளோடு சேர்க்கைப் படிவங்களைச் சரிபார்ப்பதையும் முழுவதுமாக நானே செய்கிறேன். இதற்கான பதிலையும் எழுத்திலேயே தரக் கேட்டுக்கொள்கிறேன்.' ஒருமுறை படித்தேன். 'தயவுசெய்து மன்னிக்கவும்' என்று கடைசியில் தானாக வந்து விழுந்திருந்ததை அழித்தேன். அனுப்பிவிட்டுக் கீழே இறங்கிப் போய்க் கணவரை எழுப்பினேன்.