எதிர் பிளாட்டின் ஹீட்டர்

2005 டிசம்பர் இரண்டாவது வாரத்தில் எங்கள் எதிர் பிளாட்டு ஹீட்டர் போய்விட்டது. பெரிதாக ஒன்றும் வெடிக்கவில்லை. குளியலறையின் பால்ஸ் சீலிங்குக்கு மேலே வருடக்கணக்காகப் படுத்துக் கிடந்த வெந்நீர்த் தொட்டி, அடிப்பக்கம் துருவேறி ஓட்டை விழுந்து, காவி நிறத் தண்ணீரைச் சொட்டத் தொடங்கியது. அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஆறு மாதம் என் நிம்மதியைக் கெடுத்தது அந்த ஓட்டை.

அப்போது நாங்கள் வளைகுடாவில், ரூவி என்ற பகுதியில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் இருந்தோம். மாடிக்கு இரண்டு பிளாட். கதவைத் திறந்தால் எதிரே அவர்கள் கதவு. அவர் கோயம்புத்தூர்ப் பக்கம், வங்கியில் அதிகாரி. நான் திருநெல்வேலி, கட்டடச் சாமான் விற்கும் கம்பெனியில் கணக்கர். இரண்டு வீட்டிலும் ஒரே வயதில் ஒரு பெண் குழந்தை, இரண்டும் ஒரே பள்ளிக்கூட பஸ். வீடுகளும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. குளியலறைகள் இரண்டும் ஒரே காற்றுப் பொந்தைப் பார்த்தபடி இருந்ததால், அங்கே பக்கெட் உருண்டால் இங்கே கேட்கும். ஒரே ஒரு வித்தியாசம்தான். அவருடைய பிளாட்டை வங்கியே கம்பெனி பிளாட்டாக எடுத்துக் கொடுத்திருந்தது. என்னுடையதற்கு நான் வாடகை கட்டினேன்.

பழுது தெரிந்த மறுநாளே அவர் வீட்டில் புது ஹீட்டர் மாட்டிவிட்டார்கள். ஐம்பது லிட்டர், இத்தாலியில் செய்தது. மாலையில் நான் வேலை முடிந்து வந்தபோது கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“வாங்க சார், வந்து பாருங்க. காலைல ஆபீஸ்ல இருந்து ஒரு போன் போட்டனுங்க. மத்தியானம் ஆளு வந்து கழட்டி மாட்டிப்போட்டுப் போய்ட்டானுங்க.”

“எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டேன்.

அவர் ஒரு கணம் யோசித்தார். “அது தெரியலீங்களே சார். ஆபீஸ்ல பாத்துக்குவாங்க.”

எனக்குச் சுட்டது அந்தத் ‘தெரியலீங்களே’தான். வாழ்க்கையில் எதையும் விலை தெரியாமல் வாங்கியவன் இல்லை நான். தீப்பெட்டி விலைகூட எந்த வருடம் எவ்வளவு கூடியது என்று சொல்வேன். தன் தலைக்கு மேலே தொங்கும் பொருளின் விலை தெரியாமல் ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே நிற்கிறார், அதுவும் என் வயதில். பொறாமையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். நாட்டுக்காகச் சண்டையிட்ட அண்ணன் தம்பிகள், அரசனின் பிரியத்துக்காகப் பொருமிய புலவர்கள். வெந்நீருக்காக வயிறெரிந்தவனைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

ஜனவரி நடுவில், பொங்கல் முடிந்த வாரம், எங்கள் ஹீட்டரும் சொட்டியது. ஒரே கட்டடம், ஒரே வருடம் மாட்டியது, ஆச்சரியம் இல்லை. வாடகை வாங்க வரும் மலையாளியிடம் சொல்லியனுப்பினேன். வெள்ளிக்கிழமை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பதில் சொன்னார்.

“சாரே, ஓனரோடு ஞான் கேட்டு. மாஃபி. ஹீட்டர் வாடகைக்காரன் மாத்தணும். கலாஸ்.” இல்லை, முடிந்தது என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் இரண்டு அரபி வார்த்தைகள்.

“எதிர் வீட்டுக்கு மாத்தினீங்களே?”

“அது கம்பெனி பிளாட் அல்லே சாரே. அவருடெ கம்பெனி மாத்தி. சார் கம்பெனில சோதிச்சு நோக்கு.”

என் கம்பெனியில் கேட்டுப் பார்ப்பதா? மேஜைக்குப் புது நாற்காலி கேட்டதற்கே என் மேனேஜர் “அச்சா, அச்சா” என்று சொல்லிச் சொல்லி ஒரு வருடம் ஓட்டியவர்.

அன்று மாலையே ரூவி கடைத்தெருவுக்குப் போனேன். எதிர் வீட்டில் மாட்டிய அதே ஐம்பது லிட்டர் ஹீட்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. இருபத்தெட்டு ரியால். அவருக்குத் தெரியாத விலை எனக்குத் தெரிந்துவிட்டது. வாங்கி மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க மனம் ஒப்பவில்லை. அவருக்குச் சும்மா கிடைத்த அதே பொருளை நான் காசு கொடுத்துத் தூக்கிக்கொண்டு அதே மாடிப்படி ஏற வேண்டுமா?

கடைக்காரர் குஜராத்தி. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்து வைத்தார். தடித்த புத்தகம் ஒன்றின் அளவுக்கு வெள்ளைப் பெட்டி. முன்பக்கம் சின்னப் பச்சை விளக்கு. தொட்டியே கிடையாது, குழாயைத் திறந்தால் ஓடுகிற தண்ணீர் அப்படியே சூடாகி வரும். “புது மாடல், பாய். இந்தத் தெருவில் நாலைந்து பேர்தான் வாங்கியிருக்கிறார்கள்” என்றார் இந்தியில். விலை அறுபத்திரண்டு. எதிர் வீட்டில் இது இல்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, இது நிறைய மின்சாரம் இழுக்கும், மெயின் போர்டிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுக்கணும், தனி பிரேக்கர் போடணும் என்றான். வயருக்கும் கூலிக்குமாக இன்னும் இருபத்து நான்கு ரியால். என் மனைவி துவைத்த துணியை மடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இதுல தண்ணி எங்கன நிக்கும்?”

“அதான் இதுல விசேஷமே. தண்ணி எங்கயும் நிக்காது.”

“எங்கயும் நிக்காதா?”

“நிக்கவே நிக்காது. வர வரச் சூடாகும். துருப்பிடிக்கத் தொட்டியே இல்ல பாத்துக்கோ.”

அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். எதிர் வீட்டுக்காரர்களைக் காபிக்குக் கூப்பிட்டேன். குளியலறை பார்க்கக் காபிக்கு அழைத்தது அந்தக் கட்டடத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் பச்சை விளக்கைத் தொட்டுப் பார்த்தார். அவர் மனைவி குழாயில் கையை நீட்டி, “ஆகா, உடனே வருதுங்களே. எங்க வீட்டுல ரெண்டு பேரு குளிச்சா மூணாவது ஆளு அரை மணி நேரம் காத்துக் கெடக்கோணும்” என்று சொல்லிவிட்டுக் கணவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்காக எண்பத்தாறு ரியாலும் தகும் என்று பட்டது. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் நான் பாடிக்கொண்டே குளித்தேன். காற்றுப் பொந்து வழியாக அவர்களுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே.

இங்கே வளைகுடாவில் இருந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாத ஒன்றை மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசியில் வெயில் ஏறிவிட்டால் மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் கொதிக்கும். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும். அதனால் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுவோம். வெயில் படாமல், ஏசி ஓடும் வீட்டுக்குள்ளே, சீலிங்குக்கு மேல் தொட்டியில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அப்போது வீட்டிலேயே ஆறிய தண்ணீர். சிவப்புப் புள்ளி வைத்த வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அது வரும். குளிர்காலத்தில் வெந்நீர் தரும் தொட்டி, கோடையில் தண்ணீரை ஆறவைக்கும் தொட்டி. புதிதாக வந்தவனுக்கு முதல் கோடையிலேயே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எனக்கு 1998லேயே தெரியும். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

2006 ஏப்ரல் கடைசி வாரம் ஒரு நாள் காலையில் வழக்கம் போலச் சுவிட்சை அணைத்துவிட்டுச் சிவப்புக் குழாயைத் திறந்தேன். முதுகில் கொதிக்கும் தண்ணீர் விழுந்தது. விலகி நின்று மற்ற குழாயைத் திறந்தேன். அதே கொதி. பச்சை விளக்கு அணைந்திருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தபடி சோப்பு நுரையோடு நின்றேன். ஜனவரியில் சால்வை போர்த்திக்கொண்டு கடைக்குப் போனவனுக்கு மே மாதம் நினைவுக்கு வரவில்லை.

கதவுக்கு வெளியே மனைவியின் குரல். “என்ன, ஆளு சத்தத்தையே காணும்?”

“தண்ணி சுடுது.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, “தண்ணி எங்கயும் நிக்காதுன்னு சொன்னீங்கல்லா” என்றாள்.

அதன் பிறகு ராத்திரியே பக்கெட்டுகளில் தண்ணீர் பிடித்து, ஏசி ஓடும் படுக்கையறையில் வரிசையாக வைத்து, காலையில் தூக்கிக்கொண்டு போய்க் குளித்தோம். எனக்கும் அவளுக்கும் அது போதும். மகளுக்குப் போதவில்லை. மே மாதம் பிறந்ததும் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு பொரிந்துவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் ஒரு முறை, விளையாடிவிட்டு வந்ததும் ஒரு முறை குளிக்க வேண்டும். ஒரு நாள் மாலை நான் வந்தபோது வீட்டில் இருவரும் இல்லை. எதிர்க் கதவு திறந்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு மகள் வந்தாள்.

“அப்பா, அங்கிள் வீட்டுத் தண்ணி சோ கூல்ப்பா. நம்ம வீடு மாதிரி இல்ல.”

பின்னாலேயே எதிர் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். “நீங்களும் வாங்க சார், கூச்சப்படாதீங்க. ஐம்பது லிட்டரு சும்மாதானே கெடக்குது.”

“பரவாயில்ல சார். எங்களுக்குப் பக்கெட்டே பழகிட்டு” என்றேன்.

அது தினசரி வழக்கமாகிவிட்டது. ஐந்தரை மணிக்கு என் பிளாட்டிலிருந்து ஒரு துண்டும் ஒரு சோப்புப் பெட்டியும் எதிரே போகும். என் மகள் என் வீட்டில் குளிக்கவில்லை. அந்த ஒன்றுதான் என்னை அரித்தது. பக்கெட் தூக்கியதோ காசோ அந்த அளவுக்கு இல்லை. பொந்து வழியாக அவள் சிரிப்பது கேட்கும். எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை என்று தோன்றும். எதிராளியின் சம்பளத்தின் மீது, கம்பெனி பிளாட்டின் மீது, ஒரு போனில் வேலை முடிவதன் மீது எல்லாம் பொறாமைப்பட்டுப் பழகியிருந்தேன். என் பிள்ளை அந்தப் பக்கம் போய்விட்டாள் என்பது அவை எல்லாவற்றையும் விடக் கூர்மையாக இருந்தது.

ஜூன் முதல் வாரம் மறுபடி கடைக்குப் போனேன். வெள்ளைப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று கையை விரித்தார் குஜராத்தி. “யூஸ் பண்ணினது பாய், யார் வாங்குவாங்க?” எண்பது லிட்டர்த் தொட்டி ஒன்று வாங்கினேன். ஐம்பதும் இருந்தது, அவருக்கு ஐம்பது என்பதால் எனக்கு எண்பது. முப்பத்தேழு ரியால், மாட்டுக்கூலி எட்டு. சீலிங்குக்கு மேலே அந்த அளவு நுழையாமல், குளியலறைச் சுவரிலேயே தொங்கவிட வேண்டியதாயிற்று. நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

“கோடை நடுவுல ஹீட்டர் வாங்கின மொத ஆளு நீங்கதான்” என்றாள் மனைவி.

சுவிட்சையே போடாமல், குளியலறைக் கதவைத் திறந்துவைத்து, வீட்டு ஏசியை ஓடவிட்டேன். இரண்டு நாள் யாரையும் சிவப்புக் குழாயைத் தொட விடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நானே முதலில் கையை நீட்டிப் பார்த்தேன். ஜில்லென்று சொல்ல முடியாது, ஆனால் இதமாக இருந்தது. மகளைக் கூப்பிட்டேன். குளித்தாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குப்பா.”

“அங்க விடவா?”

“சேம்தான்ப்பா. இங்க கொஞ்சம் பெட்டர்” என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

அன்று முழுவதும் நான் நன்றாக இருந்தேன். சனிக்கிழமை மாலை வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, துண்டும் சோப்புப் பெட்டியுமாக வாசலில் நின்றாள்.

“எங்கம்மா?”

“ஆன்ட்டி வீட்டுக்கு. குளிக்க.”

“நம்ம வீட்டுலதான் இப்பத் தண்ணி நல்லா இருக்கே.”

“தெரியும்ப்பா. ஆனா அங்க ரெண்டு பேரும் சேர்ந்து குளிப்போம். ஆன்ட்டி ஷாம்பூ நுரைல எங்களுக்குக் கொம்பு வச்சி விடுவாங்க. யாருக்குப் பெரிய கொம்புன்னு போட்டி.”

எதிர்க் கதவு திறந்தது. அவள் உள்ளே போனாள். கதவு மூடியது.

“மே மாசம் மட்டும் அவ தண்ணிக்காகவா போனா?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். “போங்க, எண்பது லிட்டர் இருக்கு. நல்லாக் குளிங்க.”

குளித்தேன். தண்ணீர் உண்மையிலேயே நன்றாக இருந்தது, எதிர் வீட்டை விடக் கட்டாயம் நன்றாக. தலைக்கு ஷாம்பூ தேய்த்துக்கொண்டிருக்கும்போது பொந்து வழியாகச் சிரிப்புக் கேட்டது. “அய்யய்யோ, கொம்பு சாயுது கண்ணு, ஆடாத நில்லு” என்று அந்த அம்மாளின் குரல். அடுத்து என் மகள் ஏதோ சொன்னாள், அது தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. என்னவென்று தெரிந்துகொள்ள என் குழாயை மூடினேன். நுரை கண்ணில் இறங்கியது. மறுபடி திறக்காமல், அவர்கள் குளித்து முடிக்கும் வரை அந்தத் தொட்டிக்கு அடியில் தலையைக் குனிந்தபடியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.