பரம்பரைக் கம்பனி

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்கு நான் கணக்காளன். எந்தக் கம்பனியின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தாலும் படங்களைத் தாண்டி நேரே கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்துக்குப் போகிற ஆள். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

என்னோடு தங்கியிருந்து பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பித்த தங்கச்சி, கூடப் படிப்பிக்கும் திருகோணமலைப் பெடியன் ஒருவனைக் கட்ட விரும்புவதாக அந்த வருடம் சொன்னாள். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார். நான் ஓம் என்றால் அவர்களுக்கும் ஓமாம்.

"விசாரிக்கவேணும்" என்றேன் பெரிய மனிதனாக. எங்கள் பக்கத்தில் விசாரிப்பது என்றால் பெடியனின் குணத்தையோ சம்பளத்தையோ கேட்பதல்ல. ஆர் ஆக்கள், என்ன சாதி, தாய்வழி எந்தப் பகுதி என்று கேட்பது. மெல்பேர்னில் அப்போது விசாரிக்கவே தமிழர் இல்லை. சிட்னியில் இருந்த ஒரு அங்கிளுக்குப் போன் எடுத்தேன்.

"திருகோணமலையோ? எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் தெரியேல்லையே தம்பி" என்றார்.

பெடியன் தங்கமானவன், நல்ல வேலை, தங்கச்சியில் உயிராக இருந்தான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் "பாப்பம்" என்றேன்.

அதே மாதங்களில்தான் இங்கிலாந்துச் சொகுசுக் கார் கம்பனி ஒன்றின் பங்குகள் என் கண்ணில் பட்டன. அதை விசாரிக்க நான் யாருக்கும் போன் எடுக்கவில்லை. அறிக்கையைத் திறந்ததும் தோல் இருக்கைகள், பளபளக்கும் மரப்பலகை, பிரபுக்கள் ஏறி இறங்கும் படங்கள். அதற்குப் பின்னால் இருந்த எண்களையும் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். லாபம் வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டு போனது. பெற்றோல் விலை ஏறியதில் கார்கள் விற்காமல் நின்றன. கடன் மட்டும் கொழுத்திருந்தது. சந்தையோ, அது உழைக்கிற காசுக்குப் பொருந்தாத உயரத்தில் விலை போட்டிருந்தது. ஒரு பிஸ்கட் கம்பனி இந்த நிலையில் இருந்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பேன். இதில் வீடு வாங்கச் சேர்த்த காசு முழுவதையும் கொண்டுபோய்ப் போட்டேன்.

குசினிக் கதிரையில் இருந்து சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்த தங்கச்சி அறிக்கையை எடுத்துப் புரட்டினாள்.

"அண்ணா, இந்தக் கம்பனி உழைக்கிறது காணாதே. பிறகேன் இந்த விலை?"

"பேர், பிள்ளை. மூண்டு தலைமுறையா வந்த பேர்."

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தாள் திருத்தத் தொடங்கினாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இந்தப் பெட்டைக்குச் சந்தை விளங்காது என்றுதான் நினைத்தேன்.

குளிர்காலம் முழுக்கப் "பாப்பம்" என்றே ஓட்டினேன். பங்கு விலை கொஞ்சம் ஏறியபோது தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் கார்க் கம்பனி முதலாளியைப்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கடைசியில், பெடியனை நேரில் விசாரிக்கலாம் என்று ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

அன்று காலை வானொலியில் செய்தி வந்தது. கார்க் கம்பனி கடன் கொடுத்தவர்கள் கையில். பங்கு விற்பனை நிறுத்தம். முகத்தில் பாதிக்குச் சவர்க்கார நுரையோடு அப்படியே நின்றேன். தங்கச்சியும் கேட்டாள். எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பின்னேரம் பெடியன் ஒரு கேக் பெட்டியோடு வந்து கதிரை நுனியில் இருந்தான். வீடு வாங்கும் காசு போய்விட்டது, ஆனால் என் வாய் திருந்தவில்லை.

"தம்பி, உங்கட அம்மாவின்ர ஆக்கள்..." என்று தொடங்கினேன்.

தங்கச்சி தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, நான் உங்களை இவருக்கு விலை போடச் சொல்லிக் கேக்கேல்லை. எப்பிடியும் கட்டத்தான் போறன். நீங்கள் சந்தோசமா ஓம் எண்டு சொல்லவேணும் எண்டுதான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டு இருந்தனான்."

எப்படியும் கட்டப்போகிறவள், என் வாயிலிருந்து ஒரு சொல் வரட்டும் என்று அந்தக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்திருக்கிறாள். காசு போனது காலையிலேயே வலித்தது. இது அதைவிட வலித்தது.

"ஓம்" என்றேன். பெடியனைப் பார்த்துத் திரும்பவும் சொன்னேன்.