பந்துகளுக்குள் விழுந்த பதக்கம்

போன வருடம் மாசி மாதம், நோர்பரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சேர்ச் மண்டபத்தில் நடந்தது இது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. எந்நேரமும் என் இடுப்பிலேயே இருந்து பழகியவள். பிள்ளையை ஓடவும் பாயவும் விடுங்கள் என்று கிளினிக் நேர்ஸ் சொல்லிவிட்டதால், செவ்வாய்க்கிழமைகளில் அங்கே நடக்கும் சின்னப்பிள்ளைகளின் விளையாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போகத் தொடங்கினேன்.

வகுப்பு நல்ல பம்பல், ஒரே சிரிப்பு. முயல் மாதிரித் துள்ளவேண்டும், துணிக் குகைக்குள் தவழவேண்டும். பாதி நேரம் பிள்ளைகளைவிடத் தாய்மார்தான் முயலாக இருந்தோம். கடைசியில் ஒரு கயிற்று வலையில் ஏறி, மற்றப் பக்கத்தால் சறுக்கி, பிளாஸ்டிக் பந்துகள் நிறைந்த தொட்டிக்குள் விழவேண்டும்.

நகைகளைக் கழட்டச் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குவார்கள். நான் மகளின் காப்பைக் கழட்டினேன், சங்கிலியைக் கழட்டவில்லை. மகளின் பிறந்தநாளுக்கு மோர்டனில் இருக்கும் மச்சாள் போட்ட பதக்கச் சங்கிலி அது. தமிழாக்களிடம் நகை இருக்கும் என்று இந்த ஊர்க் கள்ளருக்கும் தெரியும். பையில் வைப்பதைவிடக் கழுத்தில் கிடப்பதுதான் பத்திரம் என்று சட்டைக்குள் தள்ளிவிட்டேன். பக்கத்தில் ஒரு இளம் தாய், மணிக்கட்டு வரை பச்சை குத்தியவள். அவளைக் கண்டதும் என் பையின் சிப்பை இழுத்து மூடினேன்.

அன்று மகள் முதன்முதலாகத் தானாகவே வலையில் ஏறினாள். வீடியோ எடுக்கலாம் என்று போனைத் தேடிக் குனிந்தேன். நிமிர்ந்தால், அந்தப் பெண்ணின் கை என் பிள்ளையின் கழுத்தில். சங்கிலியைப் பிடித்து இழுக்கிறாள்.

பாய்ந்துபோய் அவள் கையை நகம் பதிய இறுக்கினேன். "கள்ளி" என்று தமிழிலேயே கத்தினேன். அவள் விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள், சங்கிலி அறுந்தது.

பிறகுதான் வலையின் முடிச்சைப் பார்த்தேன். சங்கிலி அதில் சிக்கி, கால் வழுக்கிய பிள்ளை கழுத்து இறுகத் தொங்கியிருக்கிறாள். அந்தப் பெண்ணின் மற்றக் கை மகளைக் கீழிருந்து தாங்கிக்கொண்டிருந்தது. மகள் வீரிட்டு அழுதாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பிள்ளையைக் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தபோது அவளைப் பக்கத்தில் காணவில்லை. பந்துத் தொட்டிக்குள் முழங்காலில் நின்று எங்கள் பதக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்டெடுத்து என் கையில் வைத்தபோது, அவள் மணிக்கட்டில் என் நகத் தடங்கள் சிவந்து கிடந்தன. "இண்டைக்கு அவள் தானாகவே ஏறினாள், பாத்தீங்களா?" என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டாள்.

பின்னேரம் மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பிள்ளையின்ர கழுத்து ஏன் வெறுமையாக் கிடக்கு?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மகளைத் தூக்கி மடியில் வைத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"சங்கிலி கிடக்கட்டும். காப்பாத்தின அந்தப் பிள்ளைக்கு ஏதும் சாப்பிடக் குடுத்தனீரோ?"

அடுத்த செவ்வாய் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். உறைப்பில் கண்கலங்கியும் அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

அறுந்த சங்கிலியை நான் இன்னும் ஒட்டக் கொடுக்கவில்லை. மகள் வெறுங்கழுத்தோடு வலையில் ஏறும் ஒவ்வொரு முறையும், நான் கத்தின கத்தலுக்குப் பயந்து அந்தக் கை விட்டிருந்தால் என்ற நினைப்பு வந்து போகிறது.