தாய்மாமன் நாற்காலி

"அவ ஏன் என்கிட்ட சொல்லல? பெத்தவள விட்டுட்டு ஸ்கூல் டீச்சர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கா. ஊரு முன்னால என்னைய தலகுனிய வெச்சிட்டா, ஆன்ட்டி!"

"சொன்னா, மகேஸ். நீதான் கேக்கல."

"எப்பச் சொன்னா?"

"மாமா கார்ல ஸ்கூலுக்குப் போவமாட்டேன்னு தினம் அழுதாளே, அது என்ன? பாட்டா?"

எங்கள் சனிக்கிழமை இப்படித்தான் தொடங்கும். மற்ற தொழில்களில் வருகிறவர் தனக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். எங்களிடம் வருகிறவர், "என் மேல தப்பில்லன்னு சொல்லுங்க" என்பார். நான் சொல்லமாட்டேன்.

சிம்பாங் ரெங்கம் ஊரில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு காற்றாடி, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. பிள்ளைக்குத் தீங்கு நடந்த வீட்டில், அதைத் தடுக்காமல் போன பெரியவர்களை உட்காரவைத்துப் பேசுவது என் வேலை. சம்பளம் கிடையாது. வீட்டில் சோறு வடித்து வைத்துவிட்டு வருகிறவள் நான். பிள்ளைகளிடம் பேசப் படித்தவர் ஒருவர் இருக்கிறார். எனக்கு வாய்த்தது பெற்றவர்கள். பேர்களை மாற்றிவிட்டேன். நீங்களும் பிள்ளை வளர்த்து அவதிப்படுகிறவர்கள்தானே, அதனால் சொல்கிறேன்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம்

வருகிற எல்லாரையும் முதல் நாளே ஒரு காகிதம் எழுதச் சொல்வேன். உங்கள் பிள்ளையை யார் யார் பள்ளியிலிருந்து கூட்டிவரலாம்? எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்ட வேண்டும். மகேஸ் சிங்கப்பூர் ஃபேக்டரி பஸ்ஸுக்கு இருட்டோடு கிளம்புகிறவள். புருஷன் செத்து நாலு வருஷம். பேனாவை வாங்கி மடமடவென்று எழுதினாள்: "ஒன்று, தம்பி."

எழுதியதை அவளே பார்த்தாள். எவன் மேல் போலீஸில் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்களோ, அதே தம்பி. பழக்கம் கையில் ஊறிவிட்டால் கை தானாக எழுதும். காகிதத்தைக் கிழிக்கப் போனாள். "கிழிக்காதே, பாரு" என்றேன். வெகு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வேற யாரும் இல்ல, ஆன்ட்டி. அவன் ஒருத்தன்தான் கேக்காமலே வந்து உதவி செஞ்சான்."

மென்மை

பயிற்சி வகுப்பில் மென்மையாகப் பேசச் சொன்னார்கள். கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது நிமிர்ந்து நிற்கவும் சத்தமாகப் படிக்கவும்தான். என் குரல் அப்படியே சத்தமாகவே தங்கிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. பதின்மூன்று வயதில், பக்கத்து மேசைக்காரி கழிவறை வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தி, அவள் சித்தப்பாவைப் பற்றி ஒன்று சொன்னாள். அன்றைக்கு மட்டும் ரொம்ப மென்மையாகத்தான் பேசினேன்: "அப்படியெல்லாம் சொல்லாதே, பாவம்." அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவுமே சொன்னதில்லை. இதை மகேஸிடம் ஒரு நாள் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அலமாக்! அப்ப நீங்களும் எங்க கேஸ்தானா, ஆன்ட்டி?"

பீங்கான் பூனை

லாபிஸ் ஊர்க்காரர் ஆரோக்கியம் லோரி ஓட்டுகிறவர். டியூஷன் வாத்தியார் வீட்டு வாசலில் ஒரு வருஷம் மகளைத் தானே கொண்டுபோய் விட்டவர். உண்மை தெரிந்த பிறகு வீட்டில் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆயர் ஈத்தாமில் லோரியை நிறுத்தி ஒரு பீங்கான் பூனை வாங்கிக்கொண்டு, முதலில் என்னிடம் காட்ட வந்தார்.

"பூனை இருக்கட்டும். மன்னிப்பு கேட்டீங்களா?"

"பிள்ளகிட்டயா?"

"பின்ன, பூனைகிட்டயா?"

அடுத்த வாரம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். கேட்டுவிட்டாராம். மகள் சொன்னாளாம்: "நீங்க கேட்டீங்கல்ல, அது போதும்பா. பூனைய நீங்களே வெச்சுக்குங்க."

அக்கா வந்த நாள்

மகேஸின் அக்கா ஒரு சனிக்கிழமை செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் வந்தார். "எவளாச்சும் கூடப்பொறந்தவன ஜெயிலுக்கு அனுப்புவாளா? ரிப்போர்ட்ட தாரிக் பாலிக் பண்ணு. திரும்ப வாங்கிட்டா முடிஞ்சிச்சிலா!" நான் வாயைத் திறப்பதற்குள் மகேஸ் எழுந்துவிட்டாள். எப்போதும் தரையைப் பார்த்துப் பேசுகிறவள். "அவன நான் தூக்கி வளத்தேன்க்கா. இவள நான் பெத்தேன். ரெண்டு பேருல என்கிட்ட அழுதவ இவதான். அப்ப கேக்கல, இப்ப கேக்கறேன்."

எனக்குக் கைதட்டத் தோன்றியது. அக்கா வாசலில் நின்று திரும்பினார். "அடுத்த மாசம் சடங்கு வெச்சிருக்கல்ல? தாய்மாமன் இல்லாம எவன் மொத மாலை போடுவான், பாக்கறேன்!"

நாற்காலி

சடங்கு வேண்டுமென்று கேட்டதே பிள்ளைதான். சிவப்புப் புடவை கட்ட வேண்டும், படம் பிடிக்க வேண்டும். முதல் மாலையை அம்மா போட வேண்டும். மாமா பேரை யாரும் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

டேவான் மண்டபம் நிறையச் சொந்தம். பிரியாணி வாசனை. மேடையில் பார்த்தால், பிள்ளை உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காலி நாற்காலி. அதில் மடித்த பட்டு வேட்டி, வேட்டியின் மேல் ரோஜா மாலை. தம்பி ஜாமீனில் இருக்கிறான். பிள்ளையை நெருங்கக் கூடாதென்று கோர்ட்டு உத்தரவு. ஆள் வர முடியாதென்று அவன் மரியாதையைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள். அக்கா ஏற்பாடு.

திரையோரத்தில் பிள்ளை அதைப் பார்த்துவிட்டாள். அதற்கு மேல் கால் நகரவில்லை. மகேஸ் ஒரு கையில் அவள் கையைப் பிடித்தாள், மறு கையில் மைக்கை எடுத்தாள்.

"அந்த நாற்காலிய யாராச்சும் எடுத்து வெளிய வைங்க."

நான் எழுந்து மேடைப் படி ஏறினேன். மகேஸ் என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "நீங்க உக்காருங்க, ஆன்ட்டி. வெச்சவங்க எடுக்கட்டும்."

உட்கார்ந்தேன். எவனுக்கோ போட்ட நாற்காலியைப் போட்டவர்களைக் கொண்டே எடுக்க வைப்பதுதான் எங்கள் தொழில் மொத்தமும் என்பதை, என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவள் மைக் வைத்துச் சொல்கிறாள்.

பெரியப்பா ஒருவர் செருப்பைப் பார்த்தார். சின்னம்மா ஒருவர் கைப்பையைத் திறந்து மூடினார். அக்கா முதல் வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார். மகேஸ் மகளின் கையை விடவில்லை. மைக்கை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் இங்கயே நிக்கறோம். அத எடுங்க."