வெறும் நிலத்துக்குத்தான் உதவி

தேவாங்குகள் வாழப் புதர்க்காடு வளர்க்கும் பட்டாதாரர்களுக்கு அரசு உதவித்தொகை அறிவித்திருந்தது. வனத்துறை சார்பில் அதற்கு நிலம் பார்க்கத் திருச்சியிலிருந்து வையம்பட்டிப் பக்கம் போனேன். அங்கே விண்ணப்பித்திருந்த ஒரு விவசாயியைச் சந்தித்தேன். அறுபது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், சாயம் போன காக்கிச் சட்டை. தன் நிலத்துக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்.

"பகல்ல அது தூங்குற நேரங்க. சத்தம் ஆகாது" என்றார்.

மூன்று ஏக்கரும் கிளுவை முள்புதர் அடர்ந்து கிடந்தது. கிளைக் கவட்டில் குட்டியோடு சுருண்டிருந்த தேவாங்கைக் காட்டினார்.

"உங்களுக்குக் கிடைக்காதுங்க. வெறும் நிலத்துல புதுசா வளர்க்கிறவங்களுக்குத்தான் திட்டம்" என்றேன்.

"அப்ப இத்தனை வருஷம் வெட்டாம வச்சிருந்ததுக்கு?"

"அதுக்கு விதியில இடம் இல்லைங்க."

புதரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "வெறும் நிலமா இருந்தா எழுதிடுவீங்களா?"

"எழுதித்தானே ஆகணும்."

அடுத்த மாதம் அவரே போன் செய்து கூப்பிட்டார். மூன்று ஏக்கரையும் ஜேசிபி வைத்து வழித்துவிட்டு, புதரைக் குவித்துக் கொளுத்தியிருந்தார். சாம்பலில் இன்னும் சூடு இருந்தது.

"அந்தத் தேவாங்கு?" என்று கேட்டேன்.

"நான் பாக்கலைங்க. நீங்க எழுதுங்க."

எழுதினேன். முதல் பட்டியலிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. நடச் சொல்லி நாங்கள் லாரியில் அனுப்பியதும் கிளுவைப் போத்துக் குச்சிகள்தான்.

தேவைக்காகச் செய்தாரா, எங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் செய்தாரா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. போய்க் கேட்கத் தைரியமும் வரவில்லை.