மூன்று சென்சார், ஒரு பிளக்

வீட்டைப் பூட்டியதும் அத்தான் சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பார். சாவி இருக்கிறது, மாற்றுச் சாவியும் இருக்கிறது. இரண்டும் ஒரே வளையத்தில். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். பேனா இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு, குடை இரண்டு.

"பொண்டாட்டி மட்டும் ஒண்ணோட நின்னுடுச்சாக்கும்?" என்று அக்கா சீண்டுவாள்.

"அந்த ஒண்ணே ரெண்டு பேர் பேச்சு பேசுதே!"

கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் அவர் எலக்ட்ரீஷியன். அங்கேயே நான் முட்டை தரம் பிரிப்பவள், கூட்டுவதும் நான்தான். ஒருமுறை பொரிப்புப் பெட்டியின் சூடு பார்க்கும் சென்சார் தப்பாகக் காட்டி, முட்டையெல்லாம் வெந்துபோயின. புதுப் பெட்டி வாங்கிவிடலாம் என்றார் முதலாளி. அதைப் பார்த்துக்கொள்ள விற்கிற கம்பெனி ஆளே வருவாராம். அத்தானுக்கு வேலை போய்விடும். பழைய பெட்டியையே நிற்காமல் ஓடவைக்கிறேன், வந்து சோதித்துப் பாருங்கள் என்று அவர் ஒரு வாரம் தவணை கேட்டார்.

ஒரு சென்சார் இருந்த இடத்தில் மூன்று வைத்தார். ஒன்று உளறினாலும் மற்ற இரண்டும் சொல்வதுதான் செல்லும். சூட்டைக் கட்டுப்படுத்தும் போர்டும் இரண்டு. ஒன்று படுத்தால் மற்றது எழுந்துகொள்ளும். முதலாளி வருவதற்கு முந்தின நாள், காலிப் பெட்டியை ஓடவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"எதை வேணா புடுங்குங்க. நிக்காது!"

எங்களோடு வேலை பார்க்கும், முட்டை ஏற்றும் அண்ணன் ஒரு சென்சாரைக் கழற்றினார். பெட்டி ஓடியது. ஒரு போர்டையும் கழற்றினார். விளக்கு ஒருதரம் சிமிட்டியது, அவ்வளவுதான். இரண்டையும் திரும்ப மாட்டிவிட்டார். அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்ன மச்சினி, சுவரோட சுவரா நிக்கிற? வா, நீயும் புடுங்கு!"

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. கை வரும். பெட்டிக்கு அடியில் தினமும் கூட்டுகிறவளுக்கு, ஒயரெல்லாம் எங்கே போய்ச் சேர்கின்றன என்று தெரியாதா? குனிந்து, சுவரிலிருந்த ஒரே பிளக்கை உருவினேன்.

மூன்று சென்சாரும் இரண்டு போர்டும் ஒன்றாக அணைந்தன. விசிறி தள்ளாடி நின்றது.

"சாவி வளையம் மாதிரி, அத்தான்," என்றேன்.

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. "நாளைக்கு முதலாளி இதை உருவியிருந்தா..."

"அதான் உங்க வீட்டு ஆளே முந்திக்கிட்டாங்களே!" என்றார் அண்ணன்.

அன்றே வேறு லைனிலிருந்து இன்னொரு ஒயர் இழுத்தார் அத்தான். அதுவும் போனால் கைகொடுக்க ஒரு பேட்டரி. மறுநாள் முதலாளி அரைமணி நேரம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய் டீ கேட்டார்.

புதுப் பெட்டி வரவில்லை. அத்தான் அதே வேலையில் இருக்கிறார். சாவி அவர் பையில் இருக்கிறது. மாற்றுச் சாவி இப்போது என் வீட்டு ஆணியில் தொங்குகிறது.