தகப்பன் பெயருக்கு ஒரு கோடு

இரத்தப் பரிசோதனை முடிவை ஆய்வுகூடத்துப் பெண் ஓர் உறையில் போட்டு ஒட்டித் தந்தாள். அங்கேயே திறந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கொழும்பில், வெள்ளவத்தைக் காலி வீதியைக் கடந்து, எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையால் இறங்கி, கடற்கரைப் பக்கம் போனேன். ரயில் பாதைக்குச் சற்றுத் தள்ளி நின்று உறையைக் கிழித்தேன். சென்னை வைத்தியர் ஓர் எண்ணைச் சொல்லி, அதற்கு மேலே இருந்தால் சந்தோஷப்படலாம் என்று சொல்லியிருந்தார். தாளில் இருந்தது அதைவிடப் பல மடங்கு. திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்த நேரம் பார்த்துப் பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் வந்தது. வாசற்படியெல்லாம் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். நான் தாளைப் பிடித்த கையை உயர்த்தி ஆட்டினேன். தொங்கிக்கொண்டிருந்த ஒருவர், யாரோ தெரிந்த ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, பெரிதாகச் சிரித்துக் கைகாட்டினார். எனக்குப் பிள்ளை வரப்போகிற செய்தியை முதலில் பகிர்ந்துகொண்டது அந்த மனிதரோடுதான்.

எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கலியாணம் செய்யவில்லை. என் பிள்ளைக்குத் தகப்பன் என்று சொல்ல ஒருவரும் இல்லை; முன்பின் தெரியாத ஒருவரின் தானம்தான் இருந்தது. தெரிந்தே, யோசித்தே, நானாகத் தேடிப் போன காரியம் அது.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். காலி வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே சின்னதாய் ஓர் அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், வைத்திருந்தேன். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுப்பது வேலை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருந்தவர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்காதான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பத்து வருடமாகச் சளைக்காமல் எனக்கு மாப்பிள்ளை தேடியவர்.

வந்தவர்களில் யாரையும் கூடாதவர் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் கனடாவில் வீட்டுக் கூரையில் பனி வழிப்பதைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கதைத்தார். இன்னொருவரோடு ஆறு மாதம் தொலைபேசியில் கதைத்து, கடைசியில் இரண்டு பேருமே களைத்துப்போனோம். ஒவ்வொரு முறையும் என் மனது ஒரு பிள்ளையை வளர்ப்பதைத்தான் நினைத்துப் பார்த்தது. குளிப்பாட்டுவேன், சோறு தீத்துவேன், பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். பக்கத்தில் ஓர் ஆம்பிளையை நிறுத்திப் பார்க்க எவ்வளவு முயன்றாலும் அவர் நிற்கவில்லை. முப்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு அடுத்த நாள் காலை, தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே, எனக்குப் பிள்ளைதான் வேணும் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் உடம்பெல்லாம் பரபரவென்று வந்தது. அது பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கொழும்பில் நான் போய்ப் பார்த்த வைத்தியர் மரியாதையாகவே கைவிரித்தார். கணவன் மனைவியாக வருகிறவர்களுக்கு மட்டும்தான் தன்னால் செய்ய முடியும் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சென்னையில் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். அக்காவிடம், சிநேகிதியோடு சேலை எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். முழுப் பொய்யாக இருக்கக்கூடாது என்று இரண்டு சேலையும் எடுத்தேன்.

முதல் தடவை சரிவரவில்லை. இரண்டாம் தடவை அந்த வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோது இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற தாதி, "உங்க சிலோன் தமிழ் கேக்க நல்லா இருக்கு. ஏதாவது பேசிக்கிட்டே இருங்கக்கா" என்றாள். என்ன பேசுவதென்று தெரியாமல், வெள்ளவத்தைச் சந்தையில் ஏமாறாமல் மீன் வாங்குவது எப்படி என்று சொல்லத் தொடங்கினேன். சூடை மீனும் கீரி மீனும் முடிந்து பாரைக்கு வரும்போது வைத்தியர், எல்லாம் முடிந்துவிட்டது என்றார். பாரையைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் அந்தத் தாதி போனாள்.

கடற்கரையில் இருந்து திரும்பிய அன்று, மேலே என் வீட்டுக்கு ஏற முதல் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. கணவர் தவறிவிட்டார்; கந்தோர்களுக்குப் பகல் சாப்பாட்டுப் பார்சல் கட்டி அனுப்புகிறவர். கொழும்பு முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். அவரை அவருடைய தங்கைமார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் தாத்தாவாகிவிட்டார். அடுப்படியில் கறியைக் கிளறிக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தங்கள் மார்க்கத்தில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று மறைக்காமல் சொன்னார். அடுப்பைக் குறைத்தார். பிறகு, "சரி தங்கச்சி, சத்தி ஈக்கா?" என்று கேட்டார். வாந்தி இன்னும் இல்லை என்றேன். வரும்போது சொல்லச் சொன்னார், இஞ்சி போட்டுத் தருவாராம்.

அக்காவுக்குச் சொல்வது அவ்வளவு லேசாக இருக்கவில்லை. மூன்று மாதம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அத்தான் வெளியே போயிருந்தார். அக்கா துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் மடித்த கை நின்றது.

"ஆர் அவன்?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"ஒருத்தரும் இல்லாமல் எப்பிடிப் பிள்ளை வரும்?"

எப்படி வரும் என்று விளக்கினேன். சென்னை, சேலை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பினார், அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாகப் போனது. யாரோ ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்றால் அவனைத் திட்டலாம். இங்கே திட்டுவதற்கு நான் மட்டும்தான் இருந்தேன். சனம் கேட்டால் தான் என்ன சொல்வது என்று கேட்டார். கேட்கிறவர்களை என்னிடம் அனுப்பச் சொன்னேன். அக்கா மறுபடி உடுப்பு மடிக்கத் தொடங்கினார். நான் புறப்படும்போது வாசலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு தொலைபேசியும் எடுக்கவில்லை.

பஸ்ஸில் அழுதுகொண்டுதான் வந்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த மாதங்களில் நான் அழுத நாட்கள் மிகக் குறைவு. எனக்குள்ளே ஓர் ஆள் கால் நீட்டி மடக்குகிற புதுமைக்கு முன்னால் வேறு எதுவும் நிற்கவில்லை. கந்தோரில் யாராவது காணி எல்லை பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பிள்ளை உதைக்கும், நான் சிரித்துவிடுவேன். வந்தவர் தன் காணியில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று பார்ப்பார்.

பிள்ளையைச் சத்திரசிகிச்சை செய்து எடுக்க ஒரு நாள் குறித்தார்கள். அன்று விடியவே பார்சல் வேலையைத் தங்கையிடம் விட்டுவிட்டுத் தாத்தா என்னோடு ஓட்டோவில் வந்தார். பத்து மணிபோல, திரைக்கு அந்தப் பக்கம், கோபமான ஒரு சின்னக் குரல் கேட்டது. பொம்பிளைப் பிள்ளை என்றார்கள். என் கன்னத்தோடு அவளை வைத்தார்கள். சூடாக, ஈரமாக, இவ்வளவு நாளும் தன்னை எங்கே வைத்திருந்தாய் என்று சண்டை பிடிப்பதுபோலக் கத்தினாள். எனக்கும் சத்தமாகச் சிரிக்க வேண்டும்போல இருந்தது, வயிறுதான் மரத்துப்போய் என்னிடம் இல்லை.

பிள்ளையை வெளியே காட்டக் கொண்டுபோன தாதி, யார் வந்திருக்கிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டாள். மயக்கத்தில் நான் பழக்கதோஷத்தில் "தாத்தா" என்றேன். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அவள் வாசலில் போய் நின்று பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். வெளியே இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்களாம், ஒருவரும் எழும்பவில்லை. கறுப்பு அபாயாவோடு எங்கள் தாத்தா எழும்பிப் போனார்.

தாதி, அப்பாவைத்தான் வரச் சொன்னேன் என்றாள்.

"நாந்தான் தாத்தா" என்றார் இவர், தமிழில்.

தாதிக்கு விளங்கிய வார்த்தை அது ஒன்றுதான். பக்கத்தில் இருந்த யாரோ இரண்டு மொழியிலும் விளக்கம் சொல்லி முடிக்கும்போது அந்த வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். வார்டுக்கு என்னைக் கொண்டுவந்த பிறகு தாத்தா பிள்ளையை என் பக்கத்தில் வைத்து, "நல்லா ஈக்கிறா. ஒங்கட மூக்குத்தான், பாவம்" என்றார்.

மூன்றாம் வாரம் பிறப்பைப் பதியப் போனேன். பதிவாளர் ஒரு நடுத்தர வயதுச் சிங்களப் பெண். தகப்பனின் விபரம் எழுதும் இடத்துக்கு வந்ததும் பேனையை உயர்த்தி என்னைப் பார்த்தார். தகப்பன் இல்லை என்றேன். இறந்துவிட்டாரா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, தொடக்கத்திலிருந்தே இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். வெறுமையாக விட்டால் பிறகு யாராவது எதையாவது எழுதலாம், அதனால் கோடு போடுகிறேன் என்று சொல்லி, அடிமட்டத்தை எடுத்து வைத்து, அந்தக் கட்டத்துக்குக் குறுக்கே நேராக ஒரு கோடு கீறினார்.

அந்தக் கோட்டை நான் எத்தனை தடவை மொழிபெயர்த்திருக்கிறேன். கோடு இருந்த இடத்தில் கோடு தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு பெண் இப்படி ஒரு மேசைக்கு முன்னால் இருந்திருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர்களில் பலருக்கு அது என்னைப்போல விரும்பிப் போட்ட கோடாக இருந்திருக்காது. அந்த நினைவு கொஞ்ச நேரம் என்னைப் பிடித்து வைத்தது. பிறகு பதிவாளர் என் மகளின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதுவதைப் பார்த்தேன். மை காயுமட்டும் கண் எடுக்கவில்லை. அவள் இனி உலகத்துக் கணக்கில் இருக்கிறாள்!

வீட்டில் நானும் அவளும்தான். தாத்தா காலையிலும் மாலையிலும் ஏறி வருவார், மற்ற நேரம் அவருக்கு அடுப்பு. முதல் நாள் குளிப்பாட்டும்போது மீன்குஞ்சுபோல வழுக்கினாள். அவள் நனைந்ததைவிட நான்தான் கூட நனைந்தேன். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டேன், அவள் தலையில் சோற்றுப் பருக்கை கிடந்ததைப் பின்னேரம்தான் கண்டேன். லிப்ட் வேலை செய்யாத நாளில் பிள்ளையையும் மரக்கறிப் பையையும் சுமந்து மூன்று மாடி ஏறி, சத்திரசிகிச்சைத் தழும்பு விண்விண்ணென்று வலிக்க, வாசலிலேயே குந்திவிட்டேன். ஒரு பகல் முழுக்க எதற்கென்று தெரியாமல் அவள் அழ, நானும் சேர்ந்து அழுதேன். சட்டென்று அவளுக்கு விக்கல் எடுத்தது. அந்த விக்கலைப் பார்த்து அவளே திகைத்துப்போய் அழுகையை நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன்.

இருபத்தொன்பதாம் நாள் காலை கதவு தட்டிக் கேட்டது. தாத்தா என்று நினைத்துத் திறந்தேன். கையில் இரண்டு பையோடு அக்கா நின்றார். ஒன்றில் பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கும் சரக்குத்தூள், மற்றதில் தோய்த்து மடித்த பழைய பருத்திச் சேலைத் துண்டுகள். நேரே உள்ளே வந்து, படுத்திருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தார். காலில் விலகியிருந்த துணியை இழுத்து மூடினார்.

"முப்பத்தொண்டுக்கு ஐயருக்குச் சொல்லியாச்சோ?" என்றார்.

"இல்லை அக்கா."

"எனக்குத் தெரியும், நீ சொல்லியிருக்க மாட்டாய்."

அவ்வளவுதான். ஏழு மாதம் கதைக்காததைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சரக்குக் கறி கொதிக்கிற மணம் வீடெல்லாம் பரவியபோதுதான் எனக்கு எவ்வளவு பசி என்று தெரிந்தது.

முப்பத்தோராம் நாள், பிறப்புத் தீட்டான துடக்கைக் கழிக்க ஐயர் வந்தார். தகப்பனுடைய பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நான் வாய் திறக்க முதல் அக்கா முந்திக்கொண்டார். "தாயின்ரை பேரும் நட்சத்திரமும் போதும் ஐயா. நடத்துங்கோ" என்றார், சீனி முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில். ஐயர் அக்காவை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார், நடத்தினார். தாத்தா வாசற்பக்கம் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். அன்று அக்காவும் தாத்தாவும் பிள்ளைக்கு எந்த எண்ணெய் நல்லது என்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.

நான்காம் மாதம் கந்தோரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேசைக்குப் பக்கத்தில் பாயை விரித்து அவளைப் படுக்க வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பதை உரத்து வாசித்தபடி வேலை செய்வேன். என் குரல் கேட்டால் அவள் அழமாட்டாள். போன கிழமை ஒரு காணி உறுதியை வாசித்துக்கொண்டிருந்தேன். வடக்கு எல்லை, கிழக்கு எல்லை எல்லாம் வந்து, "மேற்படி" என்ற இடத்தில் பாயில் இருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். வாயை அகலத் திறந்து சிரிக்கிறாள். இதுவரை சும்மா உதடு விரித்திருக்கிறாள்; குரல் வைத்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் நம்பாமல் இன்னொரு தரம் "மேற்படி" என்றேன். மறுபடி சிரித்தாள், கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு. உறுதியை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் இருந்து, மேற்படி, மேற்படி என்று நான் சொல்லச் சொல்ல, அவள் மூச்சு முட்டுகிற அளவுக்குச் சிரித்தாள். இவ்வளவு காலமும் இந்தச் சொல்லை வைத்துப் பிழைத்திருக்கிறேன், இதில் இப்படி ஒரு வேடிக்கை இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

உடனே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒலிபெருக்கியில் போட்டு, நடந்ததைச் சொல்லி, நீங்களும் சொல்லிப் பாருங்கோ என்றேன். அக்கா கொட்டாஞ்சேனையில் இருந்து மூன்று விதமாக "மேற்படி" சொன்னார். பிள்ளை தொலைபேசியை நக்கப் பார்த்தாளே தவிர, சிரிக்கவில்லை.

"நீ சொன்னாச் சிரிக்கிறாளோ?" என்று கேட்டார் அக்கா.

"ஓம் அக்கா."

"அப்ப முகம் தெரிய வேணும் போல. நாளைக்கு வந்து நேரை சொல்லிப் பாக்கிறன்" என்றார்.